கேளிக்கைப் பூங்காவும் இரண்டு வயதும்: ஒரு மதிப்பீடு

2025 டிசம்பர் தொடக்கத்தில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்தது. 64 ஏக்கர் பரப்பு, 611 கோடி ரூபாய் முதலீடு, நாற்பதுக்கும் மேற்பட்ட ரைடுகள். பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆவலோடு போக வேண்டிய இடம்தான். ஆனால் சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியை ஒட்டிய நம் குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், மாங்காடு பக்கத்தில் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு சின்னக் குழந்தை இருக்கிறது. லீவு நெருங்கும்போது அந்த வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகிறது: ‘எல்லாரும் போறாங்க, சின்னதையும் தூக்கிக்கிட்டு நாமளும் ஒருநாள் போயிட்டு வந்துடலாமே?’

இந்தக் கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. ஒன்று, ‘குழந்தைக்கு ஜாலியா இருக்கும், போங்க’ என்பது. மற்றது, ‘அதுக்கு என்ன தெரியப்போகுது, காசுக்குப் பிடிச்ச கேடு’ என்பது. இரண்டுமே ஆராயாமல் சொல்லப்படுபவை. ஒரு முழு நாள், சில ஆயிரம் ரூபாய், ஒரு சிறு உடம்பு ஆகிய மூன்றையும் செலவிடும் முடிவு இது. ஆகவே முறையாக எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது நிறையும்வரை உள்ள குழந்தை. நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. பகலில் ஒருமுறை தூங்கியே ஆக வேண்டும். சோறு ஊட்ட வந்தாலும் செருப்பு மாட்ட வந்தாலும் ‘நானே’ என்று கையைத் தட்டிவிடும். இந்த ‘நானே’வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு கடைசியில் அதைச் சார்ந்துதான் அமையப்போகிறது.

அளவுகோல்கள் ஐந்து: வழி, உடம்பு, பாதுகாப்பு, பணம், மகிழ்ச்சி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வழி

குமணன்சாவடியிலிருந்து இள்ளலூருக்கு நல்ல பாதை என்றால் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூர் போவதுதான். சுமார் 60 கிலோமீட்டர். வெளிவட்டச் சாலையில் வண்டி பறக்கும். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலும் அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. காரில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு. விடுமுறை நாளில் அதற்கும் மேல் ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதிலிருந்து நான்கு வயதுவரை உள்ள குழந்தையைத் தள்ளுவண்டியிலோ, உயர நாற்காலியிலோ, முதுகில் கட்டியோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் வைக்கக் கூடாது என்கிறது அது. கார் இருக்கையை அந்த வரி பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் கட்டிவைக்கப்பட்ட உடம்புக்கு எல்லா இருக்கையும் ஒன்றுதான். போக ஒன்றரை, வர ஒன்றரை என்றால் நடுவில் இரண்டு இடங்களிலாவது நிறுத்தி இறக்கி ஓடவிட வேண்டும். அப்படி நிறுத்தினால் பயணம் இன்னும் நீளும்.

இரு சக்கர வண்டியில் போகலாமா என்று கேட்பவர்கள் நம் பகுதியில் அதிகம். 2022இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தையை வண்டியில் கூட்டிச் சென்றால் பாதுகாப்புப் பட்டையால் ஓட்டுநரோடு பிணைக்க வேண்டும், தலைக்கவசம் அணிவிக்க வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. லாரிகள் விரையும் வெளிவட்டச் சாலையில் 40இல் ஊர்ந்து போவது தனி ஆபத்து. ஆக, இந்த வயதுக் குழந்தையோடு அந்தத் தூரத்துக்கு ஸ்கூட்டர் கூடாது. இதில் மறுபரிசீலனைக்கு இடமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம். ஆகியவையும் நமக்கு நகரின் எதிர்க்கோடியில்தான் இருக்கின்றன. தூரம் குறைந்தாலும் நகரத்து நெரிசல் அந்தச் சலுகையைப் பறித்துக்கொள்ளும். வழி என்ற அளவுகோலில் கடற்கரைப் பக்கத்துப் பூங்காக்கள் எதுவும் குமணன்சாவடிக் குழந்தைக்குத் தேறவில்லை.

உடம்பு

அதே வழிகாட்டுதல் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. பகல் தூக்கமும் இதில் அடக்கம். நம் வீடுகளில் அந்தத் தூக்கம் பொதுவாகப் பன்னிரண்டரையிலிருந்து மூன்றுக்குள் வருகிறது. கேளிக்கைப் பூங்காக்கள் பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்குத்தான் கதவு திறக்கின்றன. வரிசையில் நின்று, பையைச் சோதித்து, லாக்கர் எடுத்து, உடை மாற்றி உள்ளே வரும்போது குழந்தைக்குக் கண் சொருகும். மூன்று மணிக்கு வெயில் தாழ்ந்து உற்சாகம் திரும்பும் வேளையில், பெரியவர்கள் கிளம்பும் நேரத்தைக் கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள். பூங்காவின் கடிகாரமும் குழந்தையின் கடிகாரமும் நேரெதிர் திசையில் ஓடுகின்றன. மற்ற குறைகளைத் திட்டமிட்டுச் சமாளிக்கலாம். இந்த முரண்பாட்டை ஒரே நாள் பயணத்தில் சரிசெய்ய வழியே இல்லை.

வெயில் அடுத்தது. சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூடேறும், வேகமாக நீரிழக்கும். தாகம் என்று வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. கோடை விடுமுறை முழுக்கச் சென்னையில் வெயில் காலம், மே மாதத்தில் கத்திரி. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. குழந்தையின் உடம்புக்கு ஒத்துவரும் காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான். அதிலும் அரையாண்டு விடுமுறை, பொங்கல், காணும் பொங்கல் கூட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும். அந்த வாரங்களில் பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்.

தண்ணீர்ப் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. இந்த வயதில் குழந்தைகள் குளத்துத் தண்ணீரைக் குடிப்பார்கள், தடுக்க முடியாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வயிற்றுப்போக்கு உள்ள ஒரு குழந்தை இறங்கினால் போதும், அது குளத்தில் பரவிவிடும். நீச்சல் டயாபர் மலத்தை ஓரளவுக்குத்தான் தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. இதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் குழந்தைக்கு வயிறு சரியில்லாதிருந்து சில நாட்கள்தான் ஆகிறது என்றால் தண்ணீரில் இறக்காதீர்கள். அடுத்தவர் குழந்தைக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

பாதுகாப்பு

பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அச்சம் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை ஒட்டி, நமக்கு எட்டும் தூரத்திலேயே தொடங்கப்பட்ட ஈ.வி.பி. பூங்காவில் 2012 ஆகஸ்டில் ரைடிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். இன்று ஈ.வி.பி. என்றால் படப்பிடிப்புத் தளம்தான் நினைவுக்கு வருகிறது. தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தா பூங்காவில் 2016 மே மாதம் சோதனை ஓட்டத்தின்போது ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். குயின்ஸ்லாண்டு பூங்காவில் 2019 ஜூனில் உயரத்திலிருந்து இறங்கும் ரைடின் கம்பிவடம் அறுந்தது. வி.ஜி.பி.யில் 2025 மே மாதம் ரைடு ஒன்று பாதியில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டோர் சில மணி நேரம் அந்தரத்தில் சிக்கினார்கள். தீயணைப்புத் துறையினர் எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள்.

இந்தப் பட்டியலை வைத்து ‘தீம் பார்க் என்றாலே ஆபத்து’ என்று முடிவுகட்டுவது அவசரம். இவை எல்லாமே பெரிய இயந்திரங்களில் நேர்ந்தவை. இரண்டு வயதுக் குழந்தை அவற்றில் ஏறவே முடியாது. எனவே குழந்தையைப் பொறுத்தவரை இந்த விபத்துகள் நேரடியான வாதம் ஆகா. அவை அந்த ரைடுகளில் ஏறப்போகும் பெற்றோரைப் பற்றிய வாதம். இன்னொரு வகையிலும் அவை பாடம்: ரைடுகளுக்கு உரிமமும் சான்றிதழும் இருக்கின்றனவா, பராமரிப்புக்காக எவற்றை நிறுத்தியிருக்கிறார்கள் என்று விசாரிப்பது வாடிக்கையாளரின் உரிமை.

குழந்தைக்கான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, ஆழமில்லாத தண்ணீர். முழங்கால் அளவுகூட இல்லாத குளத்தில், சில அங்குலத் தண்ணீரில், சத்தமே இல்லாமல் ஒரு குழந்தை மூழ்கிவிட முடியும். பெரியவர்கள் நால்வர் சுற்றி நின்றாலும், ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று நால்வரும் நினைத்தால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இன்னார்தான் இந்த அரை மணி நேரத்துக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அந்த ஆள் குழந்தையைத் தொடும் தூரத்தில், கையில் போன் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, கூட்டத்தில் தவறிப்போவது. பெற்றோரின் போன் எண்ணைக் குழந்தையின் சட்டை உட்புறத்திலோ கைப்பட்டையிலோ எழுதிவைப்பது இரண்டு நிமிட வேலை. மூன்றாவது, முன்பே சொன்ன சாலை. வீட்டிலிருந்து பூங்காவரை போய்வரும் 120 கிலோமீட்டர்தான் அந்த நாளின் மிகப் பெரிய ரைடு. காரில் குழந்தைக்கென்று தனி இருக்கை இல்லாமல் மடியில் வைத்துப் போகிறவர்கள், பூங்காவின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பணம்

வொண்டர்லாவின் தொடக்கக் கட்டணமாக அறிவிக்கப்பட்டது 1,489 ரூபாய். சீசனுக்கும் கிழமைக்கும் ஏற்பக் கட்டணம் மாறும் என்பதால் இதை ஒரு அடையாள எண்ணாகக் கொள்வோம். அப்பா அம்மா இருவருக்கும் 2,978 ரூபாய். தாத்தா பாட்டியும் சேர்ந்தால் 5,956. சாப்பாடு, லாக்கர், வண்டி வாடகை தனி.

குழந்தைக்கு? வொண்டர்லா பூங்காக்களில் 85 சென்டிமீட்டருக்குக் கீழிருந்தால் இலவசம். 85 முதல் 140 வரை குழந்தைக்கான டிக்கெட். இந்த எண்களை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தையின் இடைநிலை உயரம் 85.7 சென்டிமீட்டர், ஆண் குழந்தைக்கு 87.1. அதாவது அந்த அட்டவணையின்படி, இரண்டு வயது நிறையும்போதே சரிபாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் டிக்கெட் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பரபரப்பான பெரிய ரைடுகள் பலவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் 140 சென்டிமீட்டர். அந்த நிறுவனத்தின் அட்டவணையில் பத்து வயதுக் குழந்தையின் இடைநிலை உயரம்கூட 140ஐத் தொடுவதில்லை. இரண்டு வயதில் கட்டணம் தொடங்குகிறது, பெரிய ரைடுகளின் கதவு பத்து வயதுக்குப் பிறகே திறக்கிறது. நடுவிலிருக்கும் ஆண்டுகளில் குழந்தைக்கான ரைடுகள் படிப்படியாகக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படியின் ஆகக் கீழே நிற்பது இரண்டு வயது.

பிற நாடுகளில் வேறு முறை இருக்கிறது. டிஸ்னி பூங்காக்கள் அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. சென்னைக் குடும்பங்கள் விரும்பிப் போகும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரில் நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். வயதை வைத்து அளப்பது நியாயமான முறை. நெடுநெடுவென்று வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தையும் இரண்டு வயதுக் குழந்தைதான்.

பணக் கணக்கில் இன்னொரு இழப்பும் உண்டு, அதை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. குழந்தையை எப்போதும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அப்பா ஏறும்போது அம்மா வெளியே, அம்மா ஏறும்போது அப்பா வெளியே. இருவருக்கும் முழு டிக்கெட் வாங்கி, ஆளுக்கு அரை நாள்தான் அனுபவிக்கிறார்கள். நடைமுறையில் அந்த அரை நாள் கூடச் சமமாகப் பிரிவதில்லை. நம் வீடுகளில் வெளியே நின்றுகொண்டிருப்பது பெரும்பாலும் அம்மாதான். டிஸ்னி இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவர் வரிசையில் நின்று ஏறி இறங்கியதும், குழந்தையோடு காத்திருந்த மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். செலவே இல்லாத ஏற்பாடு. நம் பூங்காக்கள் எல்லாமே இதைப் பின்பற்றலாம்.

மகிழ்ச்சி

மேலே சொன்ன நான்கிலும் தோற்றாலும், குழந்தை உண்மையிலேயே மகிழ்ந்தால் போவதற்கு அதுவே போதும். அதனால் இந்த அளவுகோலுக்குத்தான் எடை அதிகம்.

தண்ணீர்ப் பூங்காக்களில் தரையிலிருந்து நீர் பீய்ச்சும் சிறு துளைகள் உள்ள இடம் ஒன்று இருக்கும். அங்கே ஒரு இரண்டு வயதுக் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். துளையின் மேல் பாதத்தை வைக்கும். தண்ணீர் விரலிடுக்கில் பிதுங்கி முகத்தில் அடிக்கும். திடுக்கிட்டுப் பின்வாங்கி, ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரிக்கும். மறுபடி பாதத்தை வைக்கும். இந்த முறை குதிகாலை வைக்கும். பிறகு உள்ளங்கையை. அண்ணன் பெரிய சறுக்கிலிருந்து கூப்பிடுவான், திரும்பிக்கூடப் பார்க்காது. அப்பா தூக்கிக்கொண்டுபோய்ச் சறுக்கின் உச்சியில் உட்கார வைத்தால் வீறிட்டு அழும். இறக்கிவிட்டால் நேராக அந்தத் துளைக்கே ஓடும்.

அந்தக் குழந்தை எதில் மகிழ்கிறது? தான் ஒன்றைச் செய்ய, அதற்கு உலகம் பதில் சொல்வதில். கால் வைத்தால் தண்ணீர் திசைமாறுகிறது, எடுத்தால் மேலே எழுகிறது. கேளிக்கைப் பூங்கா விற்பதோ வேறு சரக்கு. ரைடில் உட்காருபவர் எதையும் செய்வதில்லை. இயந்திரம் அவரைத் தூக்குகிறது, சுழற்றுகிறது, கவிழ்க்கிறது. தன் உடம்பு தன் வசத்தில் இல்லாமல் போவதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. பத்து வயதிலும் இருபது வயதிலும் அது பேரின்பம். தன் உடம்பை இப்போதுதான் தன் வசத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அது அச்சம். ‘நானே’ என்று சொல்லக் கற்றுக்கொண்ட வாரத்தில், பட்டை போட்டு இருக்கையில் கட்டிவைக்கிறோம்.

இதை நம் மரபு நன்றாகவே அறிந்திருந்தது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. நடை வந்தபின் ஆண்பால் பிள்ளைத்தமிழில் வரும் பருவங்களைப் பாருங்கள்: நிலவை விளையாட அழைக்கும் அம்புலி, மணல் வீட்டைக் கலைக்கும் சிற்றில், பறை கொட்டும் சிறுபறை, தேர் உருட்டும் சிறுதேர். கலைப்பது, கொட்டுவது, உருட்டுவது எல்லாமே குழந்தையின் கை. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என எல்லாம் அந்தக் கைக்கு அடங்கும் அளவு. தேரில் உட்கார்த்தி இழுக்காமல், தேரின் கயிற்றைக் குழந்தையிடம் கொடுத்தார்கள் புலவர்கள்.

மகிழ்ச்சியின் பெயரால் சொல்லப்படும் ‘நினைவு’ வாதத்தையும் எடைபோட வேண்டும். ‘வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்’ என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு வாழ்வின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுக்குப் பிந்தையதுதான். உளவியலாளர் பட்ரீசியா பாவரும் மரினா லார்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் தாய்மாரோடு பேசிய நிகழ்ச்சிகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஐந்திலிருந்து ஏழு வயதிலும் குழந்தைகளுக்கு நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் அது நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆக, நினைவிருக்கும் என்பதற்காகப் போவதில் பொருளில்லை. அதே சமயம், ‘மறந்துவிடும், அதனால் வீண்’ என்ற எதிர்வாதமும் செல்லாது. பாட்டியின் தாலாட்டும் நமக்கு நினைவில்லை, அதை வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்து இன்பம் அந்த நேரத்துக்கே போதும். கேள்வி, அந்த நேரத்தில் இன்பம் இருந்ததா என்பதுதான்.

எதிர்த்தரப்பு

போவதை ஆதரிப்போர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. குடும்பம் என்பது குழந்தை மட்டுமில்லை. எட்டு வயது அக்காவுக்கும் ஆசை இருக்கும். இரண்டு வருடமாக வீட்டையும் வேலையையும் தவிர எதையும் பார்க்காத தாய்க்கு ஒருநாள் வெளியே போக வேண்டும். மாமா, சித்தி பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போகும்போது ஒரு வீடு மட்டும் விலகி நிற்பது உறவுக்கும் நல்லதில்லை. இவையெல்லாம் நியாயமான தேவைகள், முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது பெரியவர்கள் போக வேண்டும் என்பதை. சின்னக் குழந்தையையும் கூட்டிப்போக வேண்டும் என்பதை அது நிரூபிக்கவில்லை. பாட்டியிடமோ சித்தியிடமோ ஒருநாள் குழந்தையை விட்டுவிட்டு, அக்காவோடு அப்பா அம்மா இருவரும் போய்வந்தால் மூவருக்கும் முழு நாள் கிடைக்கும், குழந்தைக்கும் தூக்கம் கெடாது. அப்படி விட்டுப்போவதைக் குற்றமாக நினைக்கும் தாய்மார்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: அதில் குற்றம் ஏதுமில்லை. குழந்தையை விட வேறு ஆளில்லாத வீடுகளும் இருக்கின்றன, அவர்களுக்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

மாற்று இடங்கள்

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது சரியில்லை. இதே ஐந்து அளவுகோல்களை மற்ற இடங்கள்மேலும் வைத்துப் பார்ப்போம்.

கிண்டி சிறுவர் பூங்கா குமணன்சாவடியிலிருந்து போரூர் வழியாக, நெரிசல் இல்லாத காலையில், ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடியது. சீரமைத்து 2025 பிப்ரவரியில் மீண்டும் திறந்திருக்கிறார்கள். மரநிழல், குழந்தை ஓட இடம், பக்கத்திலேயே 1972இல் தொடங்கிய பாம்புப் பண்ணை. காலையில் போய்ப் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். தூக்கம் திரும்பும் வழியில் தானாக அமையும்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு வெளிவட்டச் சாலை நேர்வழி. குறை அதன் பரப்புதான்: 602 ஹெக்டேர். எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் குழந்தையும் பெற்றோரும் சோர்ந்துவிடுவார்கள். பேட்டரி வண்டியில் போய், யானை, நீர்யானை, பறவைகள் என்று சிலவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்பும் குழந்தை போதும் என்று சொல்லும்வரை நின்றால் மிக நல்ல காலைப் பொழுது. கிண்டி, வண்டலூர் இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்தில் குழந்தை தொட்டுப் பார்க்கப் பழைய எஞ்சின்களும் ஏறிச் சுற்றக் குட்டி ரயிலும் உண்டு. வி.ஜி.பி. வளாகத்து மீன் காட்சியகம் வெயிலுக்குத் தப்பிய இடம், மீன் நீந்துவதைக் குழந்தைகள் அலுக்காமல் பார்ப்பார்கள். ஆனால் கட்டணமும் தூரமும் அதிகம்.

பக்கத்திலேயே ஒன்றிருக்கிறது. தாம்பரம் போகும் 66ஆம் எண் பேருந்து நம் குமணன்சாவடியிலிருந்து மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போகிறது. அங்கே முருகன் கோயில் குன்றின் படிகளை இரண்டு வயதுக் குழந்தை ஒவ்வொன்றாக, இரண்டு கையையும் ஊன்றி ஏறும். நீங்கள்தான் பொறுமையாகப் பின்னால் வர வேண்டும். ‘நானே’ என்ற வயதுக்கு அதைவிடப் பெரிய சாகசம் எந்தப் பூங்காவிலும் இல்லை.

தீர்ப்பு

மூன்று வயது நிறையாத குழந்தைக்காகக் குமணன்சாவடியிலிருந்து ஒரே நாளில் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வருவது வேண்டாம். வழி நீளம், தூக்க நேரத்தோடு மோதல், கட்டணத்துக்கு ஈடில்லாத அனுபவம் என்று மூன்று காரணங்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் நான்காவது ஒன்றே போதும்: அங்கே விற்கப்படும் இன்பம் அந்த வயதின் இன்பம் இல்லை. நான்கரை, ஐந்து வயதில், பகல் தூக்கம் விட்டபின், தானே வரிசையில் நிற்கத் தெரிந்தபின் போனால் அதே பணம் பன்மடங்கு பலன் தரும். அதுவரை கிண்டியும் வண்டலூரும் குன்றத்தூரும் போதும்.

குழந்தையை விட்டுப்போக ஆளில்லை, மூத்த பிள்ளைக்காகப் போயே தீர வேண்டும் என்றால், நிபந்தனைகளோடு போகலாம். ஜனவரி பிற்பாதி அல்லது பிப்ரவரியில் போங்கள். முந்தின நாள் மாலையே கேளம்பாக்கம், கிழக்குக் கடற்கரைப் பக்கம் அறையெடுத்துத் தங்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் காலைப் பயணம் சுருங்கும், மதியம் அறைக்குத் திரும்பித் தூங்கவைக்கவும் முடியும். காரில் குழந்தை இருக்கை கட்டாயம். குழந்தைக்குத் தரை நீரூற்றும் நிழலும் போதும், ரைடுகளில் ஏற்ற முயலாதீர்கள். அப்பாவும் அம்மாவும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், முதல் முறை அம்மாவுக்கு.

பூங்காக்களுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசு 2015இலேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கே அந்த வசதி உண்டென்றால், ஆயிரக்கணக்கில் கட்டணம் கொடுத்து ஒரு முழு நாள் தங்கும் தாய் அதற்கு மேலும் எதிர்பார்க்கலாம். பாலூட்டவும் தூங்கவைக்கவும் இருளான குளிர்ந்த அறை, உயரத்துக்குப் பதில் மூன்று வயதுவரை இலவசம், பெற்றோர் மாறி மாறி ஏற ஒரே வரிசை ஆகிய மூன்றும் இருக்கும் பூங்காவையே குடும்பப் பூங்கா என்று ஏற்க முடியும். டிக்கெட் எடுக்குமுன் போன் செய்து இந்த மூன்றையும் கேளுங்கள். பத்து வீடுகள் கேட்டால் பதில் சொல்லிச் சமாளிப்பார்கள், ஆயிரம் வீடுகள் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.